பயிற்சிக்கும் ஒரு கணக்கு உண்டு

உடற்பயிற்சி அறிவியல் நூறு ஆண்டுகளாகச் சேர்த்த முடிவுகளில் முதன்மையானது இது: பழகிய அளவைத் தாண்டிச் சுமை விழுந்தால், உடல் அந்தச் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும், சுமை நின்றுபோனால் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டுவிடும். தசை, எலும்பு, இதயம், ரத்தக்குழாய், நரம்பு எதுவும் இதற்கு விலக்கில்லை. தசையைப் பேணுவது உடலுக்குச் செலவுபிடிக்கும் காரியம். வேலையில்லாத தசைக்கு அது தொடர்ந்து செலவழிப்பதில்லை.

கைவிடுவது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஸ்வீடனைச் சேர்ந்த பெங்க்ட் சால்டினும் அவருடைய சகாக்களும் 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு, அதற்குள் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. அடுத்த எட்டு வாரப் பயிற்சியில் இழந்ததெல்லாம் திரும்பியது, கூடுதலாகவும் கிடைத்தது. 30 ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய திறனிலிருந்து பறித்ததைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம்.

அன்றாட உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் எண்களில் காட்டியவர் பிரிட்டனின் ஜெரி மோரிஸ். லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் மாடிக்கும் கீழுக்குமாகப் படியேறி இறங்குவார். இருவரும் ஒரே வர்க்கம், ஒரே நிறுவனம். ஆனால், நடத்துநர்களுக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைவு என்று 1953இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு சொன்னது. சில ஆண்டுகளில் மோரிஸே தன் முடிவின் மேல் ஒரு கேள்வியையும் வைத்தார். நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுகளை ஆராய்ந்தபோது, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு நடத்துநர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. வேலை உடலைப் பருக்கவைத்ததா, பருத்த உடல்காரர்கள் உட்காரும் வேலையைத் தேடிப் போனார்களா? பயிற்சியைப் பற்றிய ஆய்வுகளைப் படிப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கையோடு வைத்திருப்பது நல்லது. பிற்காலத்தில் வேறு பல ஆய்வுகளும் மோரிஸின் பக்கமே நின்றன.

இந்தியாவின் நிலைமை ஓட்டுநர் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 2022இல் இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று 2024இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. பெண்களில் இது 57%, ஆண்களில் 42%. போதிய உழைப்பு என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு பெரிதல்ல. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் சேரும்.

இந்தப் பரிந்துரையின் முதல் பாதி தமிழ்நாட்டில் நன்றாகவே பரவியிருக்கிறது. 2023 நவம்பரில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடப்பவர்களுக்கும் குறைவில்லை. இதயம் பார்ப்பது வேகத்தையும் நேரத்தையும்தான். பாதை எட்டா வட்டமா என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. திரும்பித் திரும்பி நடப்பதால் சமநிலைக்குக் கொஞ்சம் பயன் இருக்கலாம். பரிந்துரையின் இரண்டாம் பாதியான வலுப் பயிற்சியோ ஜிம்முக்குப் போகும் இளைஞர்களின் விஷயம் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. நடப்பவர்கள் பத்து ஆண்டாக அதே வேகத்தில் அதே சுற்று வருகிறார்கள். ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் முதல் வாரத்திலேயே ஆறு மாதச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். இருவரிடமும் உழைப்புக்குப் பஞ்சமில்லை. சுமையைக் கூட்டும் கணக்குதான் இருவரிடமும் இல்லை.

சிகாகோவில் பிறந்த கணக்கு

படிப்படியாகச் சுமை கூட்டுவது என்ற எண்ணம் மிகப் பழையது. கிரேக்க மல்லர் மைலோ ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கினார், அது காளையாக வளரும்வரை தூக்கிக்கொண்டே இருந்தார் என்பது கதை. அந்த எண்ணத்தை அளந்து எழுதக்கூடிய மருத்துவ முறையாக மாற்றியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனை முழங்கால் சிகிச்சை முடிந்த வீரர்களால் நிரம்பி வழிந்தது. தேய்ந்துபோன தொடைத் தசையை மீட்க அன்றைய வழக்கம், மிகக் குறைந்த எடையை எண்ணற்ற முறை அசைக்கச் சொல்வது. மாதங்கள் ஓடினவே தவிர, தசைக்குப் பலம் திரும்பவில்லை.

டிலோர்ம் சிறுவயதில் முடக்குக் காய்ச்சலால் படுத்து, பின்னர் எடை தூக்கித் தேறியவர். வீரர்களின் காலில் இரும்புக் காலணியைக் கட்டி, அதில் எடைகளைச் சேர்த்து, முழங்காலை நீட்டச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் நோயாளியால் சரியாகப் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுவே அந்த வாரத்தின் அளவுகோல். 1945இல் வெளியான முதல் கட்டுரையில் அவர் ஏழு முதல் பத்து செட் வரை பரிந்துரைத்தார். அவ்வளவு தேவையில்லை என்று விரைவிலேயே தெரிந்தது. 1948இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து எழுதியபோது முறை மூன்று செட்டாகச் சுருங்கியிருந்தது: அளவுகோல் எடையில் பாதியை வைத்துப் பத்து முறை, முக்கால் பங்கை வைத்துப் பத்து முறை, முழு எடையையும் வைத்துப் பத்து முறை. இன்று உலகின் எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் மாஸ்டர் வாயிலிருந்து வரும் ‘மூணு செட், பத்துப் பத்து’ என்பதன் மூலம் இங்கே இருக்கிறது.

பத்து என்ற எண்ணுக்கோ மூன்று என்ற எண்ணுக்கோ மந்திர சக்தி எதுவும் கிடையாது. டிலோர்மின் பங்களிப்பு வேறு. எடை என்பது ஆளுக்கு ஏற்ப அமைய வேண்டும். ஆள் தேறத் தேற அதுவும் ஏற வேண்டும். ஏறியதை எழுதிவைக்க வேண்டும். தென்மாவட்டக் கிராமங்களில் கிடக்கும் இளவட்டக்கல்லை இதற்கு எதிரில் வைத்துப் பார்க்கலாம். அந்தக் கல்லுக்கு ஒரே எடைதான். தூக்குபவருக்காக அது இரண்டு கிலோ குறையாது, தூக்கிய பின் இரண்டு கிலோ கூடாது. அதனால் அது பலத்துக்கு நல்ல சோதனை. பயிற்சிக் கருவியாக அவ்வளவு உதவாது. கர்லாக்கட்டையில் ஆசான்கள் சிறியது, பெரியது என்று வரிசையாக வைத்திருந்தார்கள் என்பதால் அது டிலோர்மின் கணக்குக்கு இன்னும் நெருக்கமானது.

எதைப் பழக்கினால் எது வளரும்

சுமை கூடினால் மட்டும் போதாது; எந்த வகைச் சுமை என்பதும் முக்கியம். டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு, மறுகை எலும்பைவிடக் கண்கூடாகத் தடித்திருக்கும். ஒரே ரத்தம், ஒரே உணவு, ஒரே உடல். அடி விழுந்த பக்கம் மட்டும் எலும்பு கட்டியது. நெடுந்தூர ஓட்டம் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் என்று ஜான் ஹாலோசி 1967இல் எலிகளிடம் காட்டினார். அதே ஓட்டம் கையை வலுவாக்காது. எடை தூக்குவது தொடையைப் பெருக்கும். அதனால் மட்டும் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட முடியாது. இரண்டையும் மிகத் தீவிரமாக ஒருசேரச் செய்தால் பலம் ஏறுவது ஒரு கட்டத்தில் தடைபடும் என்று ராபர்ட் ஹிக்சன் 1980இல் கண்டார். போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு அது உண்மையான சிக்கல். வாரம் இரண்டு நாள் எடை தூக்கி நான்கு நாள் நடக்கும் ஒருவர் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

எடை தூக்கத் தொடங்கியவர்கள் முதல் மாதத்தில் ஒரு குழப்பத்தைச் சந்திப்பார்கள். தூக்கும் எடை வாரத்துக்கு வாரம் ஏறும். கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியாது. காரணம் நரம்புகள். மொரிடானியும் டெவ்ரீஸும் 1979இல் வெளியிட்ட எட்டு வார ஆய்வின்படி, தொடக்க வாரங்களில் கிடைக்கும் பலத்தின் பெரும்பகுதி, இருக்கும் தசையை மூளை இன்னும் திறமையாக இயக்கக் கற்பதால் வருவது. தசை பெருப்பதன் பங்கு பிறகுதான் கூடுகிறது. ஒரு மாதத்தில் உருவத்தை மாற்றிக் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்கள் இந்த நரம்புக் காலத்தையே தசைக் காலமாக விற்கின்றன.

எவ்வளவு எடை என்ற கேள்வியில் பழைய நம்பிக்கை ஒன்று தளர்ந்திருக்கிறது. கனமான எடையால்தான் தசை வளரும் என்று பல காலம் சொல்லப்பட்டது. தசையிழைகளை நரம்பு மண்டலம் சிறியதிலிருந்து பெரியதை நோக்கி வரிசையாகவே அழைக்கிறது என்று எல்வுட் ஹென்மன் கண்டறிந்திருந்தார். கனமான எடைக்குப் பெரிய இழைகள் முதல் தூக்கிலேயே வந்துவிடும். லேசான எடையிலும், சிறிய இழைகள் களைத்து, இனி இரண்டு மூன்று முறைக்கு மேல் முடியாது என்ற நிலை வரும்போது பெரியவை வந்து சேரும். ஆகவே, களைப்பின் எல்லையை ஒட்டிச் செய்தால் லேசான எடையும் தசையைக் கிட்டத்தட்ட அதே அளவு வளர்க்கிறது என்று அண்மைக் கால ஆய்வுகள் காட்டுகின்றன. உச்ச பலத்துக்கு மட்டும் கனமான எடையே மேல். வீட்டில் தண்டாலும் பஸ்கியும் செய்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஒரு நிபந்தனை: முப்பது பஸ்கியை மூச்சு வாங்காமல் முடிப்பவருக்கு அந்த முப்பதும் கணக்கில் சேராது.

ஓய்வும் வலியும்

பயிற்சியின்போது யாரும் வலுவாவதில்லை. பயிற்சி முடிகிற நேரத்தில் உடல் தொடங்கிய இடத்தைவிடக் கீழேதான் இருக்கும். தசைக்குள் புரதம் கட்டும் வேலை அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் நடக்கிறது. அதற்குத் தூக்கமும் உணவும் வேண்டும். இந்தச் சுழற்சியை விளக்கப் பயிற்சி நூல்கள் வழக்கமாக ஹான்ஸ் செல்யேயைக் கூப்பிடுகின்றன. 1936இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதியது எலிகளைக் குளிரிலும் காயத்திலும் மருந்திலும் கடும் உழைப்பிலும் வாட்டியபோது கண்ட பொதுவான எதிர்வினையைப் பற்றி. அதிலிருந்து பார்பெல் தூக்கும் மனிதருக்கு அட்டவணை போடுவது கொஞ்சம் நீளமான தாவல். 1960களில் சோவியத் பயிற்சி அறிஞர் லெவ் மத்வேயெவ் ஆண்டு முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துத் திட்டமிடும் முறையை எழுதினார். அது குறிப்பிட்ட நாளில் உச்சத்தில் இருக்க வேண்டிய ஒலிம்பிக் வீரருக்கானது. அலுவலகம் போய் வரும் ஒருவருக்கு அதிலிருந்து தேவைப்படுவது ஒன்றுதான்: நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் சுமையைப் பாதியாக்குவது.

மறுநாள் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ரத்தத்தில் கூடிய லாக்டேட் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சம் தொடும். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது அதன் நுண்ணிழைகளில் ஏற்படும் சிதைவும் அதைத் தொடரும் அழற்சியுமே காரணம். பழனி மலையோ திருச்சி மலைக்கோட்டையோ போய்வந்தவர்களின் தொடை மறுநாள் வலிப்பது ஏறியதால் என்பதைவிட இறங்கியதால்தான். அதே வேலையை அடுத்த வாரம் செய்தால் வலி பெருமளவு குறையும். வலி பழக்கமின்மையின் அடையாளம். நல்ல பயிற்சியின் சான்று என்று அதைக் கொள்வதற்கில்லை. வலிக்கவில்லை என்றால் உழைக்கவில்லை என்று மிரட்டும் மாஸ்டர்களிடம் எச்சரிக்கை தேவை. பழக்கமில்லாத உடலை முதல் நாளே வதைத்தால் தசை செல்கள் பெருமளவில் உடைந்து, உள்ளிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால், தசை வீங்கி விறைத்துப்போனால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரே பயிற்சி எல்லோருக்கும் ஒரே பலனைத் தராது என்பதும் உறுதிப்பட்டிருக்கிறது. வட அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து நடத்திய ‘ஹெரிட்டேஜ்’ ஆய்வில், நூற்றுக்கணக்கானோர் 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி செய்தார்கள். சிலருடைய உச்ச ஆக்சிஜன் அளவு நிமிடத்துக்கு ஒரு லிட்டர்வரை கூடியது. சிலருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கூடவில்லை. ஒரே குடும்பத்தவர்களின் மாற்றங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் பலனை வைத்துத் தன் உழைப்பை மதிப்பிடுவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கடுமையை அளப்பது

நடை, ஓட்டம், சைக்கிள் போன்றவற்றில் கடுமையை அளக்க நாடித்துடிப்புதான் பரவலான கருவி. 220லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற சூத்திரம் ட்ரெட்மில்களின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். அது 1970களின் தொடக்கத்தில் பல ஆய்வுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து வரைந்த தோராயக் கோடு. தனிமனிதருக்கென்று வகுத்த சூத்திரமே அல்ல. 2001இல் ஹிரோஃபுமி தனாகா குழு முன்வைத்த சூத்திரம், 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. ஐம்பது வயதுக்காரருக்கு முதல் சூத்திரம் 170 என்றும் இரண்டாவது 173 என்றும் சொல்லும். எந்தச் சூத்திரத்திலும் தனிமனிதருடைய உண்மையான உச்சம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது மிகச் சாதாரணம். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரலால், அட்டெனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. அவர்கள் கைக்கடிகாரத்தில் தெரியும் எண்ணைத் துரத்துவது ஆபத்து.

செலவில்லாத அளவுகோல் பேச்சு. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது. பாடவும் முடிகிறது என்றால் அது உலாவல். உட்கார்ந்திருப்பதைவிட மேல்தான் என்றாலும், இந்தக் கட்டுரை பேசும் பொருளில் பயிற்சி ஆகாது. எடை தூக்குவதிலும் இப்படியொரு கணக்கு உண்டு: செட் முடியும்போது இன்னும் எத்தனை முறை முடிந்திருக்கும்? புதியவர்களுக்கு மூன்று மிச்சம் இருப்பது நல்லது, பழகியவர்களுக்கு ஒன்றிரண்டு. ஐந்தாறு மிச்சம் இருந்தால் எடை போதாது.

கடுமையைப் பற்றிய பேச்சில் ‘டபாட்டா’ வகுப்புகளைத் தவிர்க்க முடியாது. ஜப்பானின் இசுமி தபாதா 1996இல் வெளியிட்ட ஆய்வில், உடற்கல்வி மாணவர்கள் சைக்கிளில் 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்று போனார்கள். நான்கு நிமிடத்துக்குள் மேற்கொண்டு ஒரு சுற்றுகூட மிதிக்க முடியாமல் அவர்கள் ஓய்ந்துபோக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இன்று அதே பெயரில் முப்பது நிமிட வகுப்புகள் நடக்கின்றன. முப்பது நிமிடம் தாங்கக்கூடிய எதுவும் தபாதா செய்தது ஆகாது. அந்த வகுப்பு கெடுதல் என்று இதற்குப் பொருளில்லை. பெயருக்கும் பொருளுக்கும் தொடர்பில்லை, அவ்வளவுதான்.

அட்டவணை எப்படி அமைய வேண்டும்

பல ஆண்டுகளாக உடற்பயிற்சி செய்யாத 45 வயது அலுவலக ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நெஞ்சுவலி, மயக்கம், கட்டுப்படாத சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம், ஏற்கெனவே இதய நோய் இவற்றில் ஏதேனும் இருந்தால் முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பது. இல்லையென்றால் மெதுவான நடையோடு அன்றே தொடங்கலாம்.

ஜிம்களில் புழங்கும் பொதுவான அட்டவணை திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று உடலைக் கூறு போடும். கால் வரும் சனிக்கிழமை பலர் விடுப்பு எடுத்துவிடுவார்கள். ஒரு நாள் தவறினால் அந்தத் தசை இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். போட்டிக்கு உடலைச் செதுக்குபவர்களுக்கான இந்த முறையைப் புதியவர்கள் தலையில் கட்டுவதில் பொருளில்லை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, முழு உடலுக்கும் பயிற்சி கொடுப்பதே அவர்களுக்கு ஏற்றது. தசைகளின் பெயரை மறந்துவிட்டு அசைவுகளை எண்ணினால் வேலை எளிது. உட்கார்ந்து எழுதல், குனிந்து தூக்கல், தள்ளல், இழுத்தல், சுமந்து நடத்தல் ஆகிய ஐந்தும் இருந்தால் முக்கியமான தசை எதுவும் விடுபடாது.

இதற்கு ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முதல் படி. பிறகு நாற்காலி இல்லாமல் பஸ்கி. அதன் பிறகு கையில் எடையோடு. தள்ளுவதற்குச் சுவர், பிறகு மேசை விளிம்பு, பிறகு தரையில் தண்டால். இழுப்பதற்கு ரப்பர் பட்டையோ டம்பெல்லோ. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டும் 20 கிலோ. அதைக் குனிந்து சரியாகத் தூக்கப் பழகுவது ஜிம்மின் டெட்லிஃப்ட்டுக்கு நிகர். தொடக்கத்திலேயே நிறைகேன் வேண்டாம், கால்வாசியில் தொடங்கலாம். இரண்டு கையிலும் நிரம்பிய வாளியோடு முற்றத்தைச் சுற்றி வருவது பிடிப்பையும் முதுகையும் ஒருசேர வலுவாக்கும்.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு அசைவிலும் இரண்டு செட், எட்டெட்டு முறை. அசைவின் முறை பிசகாமல் பழகுவதே அப்போதைய நோக்கம். அடுத்துச் சுமை ஏற்றும் விதி: எட்டு முறையில் தொடங்கிய எடையை, எல்லா செட்டிலும் பன்னிரண்டு முறை தூக்க முடிகிறவரை மாற்றக் கூடாது. முடிந்ததும் இருக்கும் எடைகளில் அடுத்ததற்குப் போய், மறுபடி எட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாம் வாரத்தை லேசாக்கலாம். ஆறாம் வாரத்திலிருந்து மூன்று செட். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதாமல் இந்த விதியைப் பின்பற்ற முடியாது. சென்ற வாரம் தூக்கியது எவ்வளவு என்பதை நினைவு எப்போதும் கொஞ்சம் கூட்டியே சொல்லும்.

நடையில், வாரத்தில் நான்கு நாள் இருபது நிமிடத்தில் தொடங்கி, முதலில் நேரத்தையும் பிறகு வேகத்தையும் ஏற்றலாம். நாற்பது நிமிடத்தை எட்டிய பின், நடுவில் இரண்டிரண்டு நிமிடமாக நான்கு முறை வேகமெடுப்பது, பாலத்தின் மேல் ஏறி இறங்குவது போன்றவை இதயத்துக்குப் புதிய வேலை தரும். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்ற விதி ஓட்டக்காரர்களிடம் பிரபலம். நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களைக் கொண்டு அதைச் சோதித்து 2008இல் வெளியிட்டபோது, அந்த விதியைப் பின்பற்றியவர்களுக்கும் காயம் குறையவில்லை. எண்ணைவிட உடலின் பதிலே நல்ல வழிகாட்டி: மூட்டு வலி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் அடுத்த வாரம் ஏற்ற வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கூடுதல் நிதானம் வேண்டும். வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்; அதுவரை அதிகாலையும் குறைந்த நேரமும்தான் பாதுகாப்பு.

உணவில் பேச வேண்டியது புரதம் மட்டுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சாதாரண ஆளுக்குப் பரிந்துரைப்பது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளுக்கு 0.83 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராம்வரை கூடுதல் பயன் கிடைக்கிறது. அதற்கு மேல் பெரிதாக இல்லை. ஒரு முட்டை 6 கிராம்தான் என்பதையும் இட்லியும் சாதமும் மாவுச்சத்தின் பக்கமே சாய்கின்றன என்பதையும் வைத்துப் பார்த்தால், பருப்பு, சுண்டல், பால், மீன், முட்டை எல்லாம் தட்டில் கூட வேண்டியிருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

பெண்கள், முதியவர்கள்

வலுப் பயிற்சி மிக அதிகம் தேவைப்படுவது அதை மிகக் குறைவாகச் செய்யும் இரு தரப்புக்கு. வீட்டு வேலையே போதுமான உடற்பயிற்சி என்று பெண்களிடம் சொல்லப்படுகிறது. வீட்டு வேலை உழைப்புதான். உலக சுகாதார நிறுவனத்தின் நிமிடக் கணக்கிலும் அது சேரும். ஆனால், இருபது ஆண்டாகத் தூக்கும் அதே குடமும் அதே குக்கரும் உடலைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கும். ஏற்றம் இல்லாத சுமை அது. மாதவிடாய் நின்ற பின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும் ஆண்டுகளில், எலும்புக்குத் தேவை பழகாத கனம். எடை தூக்கினால் ஆண்களைப் போல உடம்பு முறுக்கேறிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. அந்த அளவு தசைக்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடலில் மிகக் குறைவு.

முதியவர்களைப் பொறுத்தவரை 1990இல் மரியா ஃபியடரோனேவின் குழு பாஸ்டனில் நடத்திய ஆய்வு ஒரு திருப்புமுனை. முதியோர் இல்லத்தில் இருந்த சராசரியாக 90 வயதான பத்துப் பேரை, மேற்பார்வையுடன் எட்டு வாரம் எடை தூக்கவைத்தார்கள். பேருக்குக் கொடுத்த லேசான எடை இல்லை; அவரவரால் ஒரே ஒருமுறை தூக்க முடிந்த உச்சத்தில் எண்பது சதவீதம். முடித்த ஒன்பது பேருடைய கால் பலம் சராசரியாக 174% கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கழிப்பறை இருக்கையிலிருந்து தானே எழுந்துகொள்வது, பேருந்தின் உயரமான படியில் கால் வைப்பது ஆகியவை தொடைத் தசையின் பலத்தைச் சார்ந்தவை. முதியவருக்கு நடைப்பயிற்சி மட்டும் எழுதித்தருபவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம்.

இடைவெளி விழும்போது

எந்த அட்டவணையும் கல்யாணம், காய்ச்சல், தேர்வு, தீபாவளி, மாற்றல் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். இதற்கும் ஹிக்சனிடம் பதில் இருக்கிறது. 1980களின் முற்பகுதியில் அவர் ஆட்களுக்கு வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரம் கடும் பயிற்சி கொடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். ஆறு நாளை இரண்டு நாளாக்கியபோது 15 வாரத்துக்கு உச்ச ஆக்சிஜன் அளவு குறையவில்லை. நாற்பது நிமிடத்தைப் பதின்மூன்றாக்கியபோதும் குறையவில்லை. கடுமையைக் குறைத்தபோது மட்டும் சரிந்தது. வலுப் பயிற்சியிலும் நிலைமை இதுவே. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இளம் வயதினர் மொத்தப் பயிற்சியை ஒன்பதில் ஒரு பங்காக்கிய பிறகும் 32 வாரம்வரை சேர்த்த தசையை இழக்கவில்லை. அறுபதைக் கடந்தவர்களுக்குத் தசையின் அளவைக் காக்க அது போதவில்லை.

ஆகவே, நேரமில்லாத வாரத்தில் வெட்ட வேண்டியது நாட்களையும் செட்டுகளையும். எடையையும் வேகத்தையும் அல்ல. பழகிய எடையில் ஒரே ஒரு நாள், ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு செட், ஒரு கால் மணி நேர விரைவு நடை: இவ்வளவு செய்தால் ஒன்றிரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும். முற்றிலும் விட்டுப்போய் மூன்று நான்கு வாரம் ஆகியிருந்தால், பழைய எடையில் பாதியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் பழைய இடத்துக்குப் போகலாம். முதல்முறை ஏறியதைவிட இரண்டாம்முறை ஏறுவது வேகமாக இருக்கும். காய்ச்சலுக்குப் பிறகு என்றால், படியேறும்போது மூச்சு பழையபடி சீரான பின்புதான் எடையைத் தொட வேண்டும்.